தோட்டப் பாடல்களில் மறைபொருள்

மலையக நாட்டார் பாடல்களை ஆராய்ந்தோர் பலரும் அவற்றைத் துயரத்தின் வெளிப்பாடு என்றே வகைப்படுத்துவர். அவற்றிலே துயரம் உண்டென்பதில் ஐயமில்லை. ஆயின், வெளிப்பாடு என்ற சொல்லே ஈண்டு வினாவுக்குரியது. கங்காணி பின்னால் நிற்கக் கொழுந்து நிரையிற் பாடப்பட்ட பாட்டு எதைச் சொல்லிற்று என்பதினும் எதை மறைத்தது என்பதே முதன்மையாக நோக்கற்பாலது.

மலையகமெங்கும் அறியப்பட்ட பாடலொன்று, கோப்பிக் கன்று நட்ட மலையைச் சுட்டிக் காட்டி, தமையனைப் பறிகொடுத்த இடம் அதுவே என்கிறது. அவன் எவ்வாறு மாண்டான்? பசியாலா, நோயாலா, அடியாலா? பாட்டு அதனைக் கூறுவதில்லை. இறப்பைக் குறிக்கும் நேர்ச்சொல்லும் அதில் இல்லை. சூதிற் பொருளைத் தோற்றவர் பேசுவது போன்றே அப்பேச்சு அமைகிறது. கேட்டவர்களுக்குக் காரணம் தெரியும், ஆதலாற் சொல்லவேண்டியதில்லை. தெரியக்கூடாதவனும் அருகில் நிற்கிறான். ஆதலாற் சொல்லவும் இயலாது.

இப்பாடலின் ஆயுள் வியப்புக்குரியது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் 1869இல் நமது ஊவாவின் மடூல்சீமைப் பகுதியிலேயே கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைகள் தேயிலைக்கு மாறத் தொடங்கின. ஆயினும் கோப்பி மரத்தையே கண்டிராத தலைமுறைகள் கோப்பி மலையைப் பாடிக்கொண்டிருந்தன. மரபின் பழக்கம் என்று இதனை ஒதுக்கிவிடலாமா? கொழுந்து, கவ்வாத்து, பெரட்டு என்று புதிய தொழிலின் சொற்களையெல்லாம் ஏற்றுக்கொண்ட மரபு இது. இப்பாடலில் மட்டும் கோப்பியை மாற்றாது வைத்திருந்தமைக்குக் காரணம் இருத்தல் வேண்டும். அழிந்துபோன பயிரின்மீது குற்றஞ்சாட்டினால் உயிரோடிருக்கும் துரை சினக்க இடமில்லை. கோப்பியின் பெயரால் தேயிலையின் கணக்கே பாடப்பட்டது என்பது என் துணிபு.

இலைநோய் தோன்றிய அதே 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் கோப்பிக் கிருஷிக் கும்மி அச்சேறிற்று. பயிர்ச்செய்கையின் படிமுறைகளையெல்லாம் விளக்கும் அந்நூலில் ஒளிக்கப்பட்டது எதுவுமில்லை. ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தமையே அது எவர் கண்ணுக்காக எழுதப்பட்டது என்பதைக் காட்டிவிடும். கும்மி வடிவம் மக்களுடையதுதான், குரல் மக்களுடையதன்று.

இதற்கு நேர்மாறானவை மீனாட்சியம்மாளின் பாடல்கள். கோ. நடேசய்யரின் துணைவியாரான அவர், மக்களறிந்த மெட்டுகளில் அமைந்த அரசியற் பாடல்களைத் தொழிற்சங்க மேடைகளிற் பாடினார். 1940இல் அவை நூலாகவும் வந்தன. பதுளைக்கு அருகே வேவெஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் எழுந்ததும் அவ்வாண்டிலேயே. அவர் பாடல்களிற் பகைவனுக்குப் பெயருண்டு, மறைபொருளுக்குத் தேவையில்லை. ஆனால், கொழுந்து நிரையில் நிற்பவள் அவற்றை உரத்துப் பாடியிருக்க முடியுமா? தோட்டத்துள் நுழைய நடேசய்யரே புடவை வியாபாரியாக வேடமிட நேர்ந்தது என்பர். மேடையின் துணிவைக் கொண்டு நிரையின் தந்திரத்தைக் கோழைத்தனம் என்று எடைபோடும் விமர்சகர்கள் இந்த இடவேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

அடக்கப்பட்டோர் அதிகாரத்தின் முன் ஒன்றும் மறைவில் வேறொன்றும் பேசுவர் என்று ஜேம்ஸ் ஸ்கொட் 1990இல் எழுதினார். நம் பாடல்கள் இதனினும் நுட்பமானவை. மறைவிடம் தேடாது, அதிகாரத்தின் காதிலேயே விழும்படி அவை பாடப்பட்டன.

சி. வி. வேலுப்பிள்ளையின் தொகுப்பு 1983இல் வெளிவந்திராவிடிற் பல பாடல்களை நாம் இழந்திருப்போம். எனினும் பொதுவாக நாட்டார் பாடல்களைத் தாலாட்டு, ஒப்பாரி, காதல் என்று பகுக்கும் முறை எனக்கு நிறைவளிக்கவில்லை. பிள்ளை மடுவத்திற் குழந்தைக்குப் பாடிய தாலாட்டும், கணக்கப்பிள்ளை கடந்து செல்கையில் அவன் செவிபடப் பாடிய தாலாட்டும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. கங்காணியின் தகாத பார்வையைப் பற்றிப் பெண்ணொருத்தி பக்கத்து நிரைக்காரிக்கு விடுத்த எச்சரிக்கை, காதற் பாடல் என்ற பெயரில் எத்தனை பக்கங்களில் உறங்குகின்றதோ! பாடியவர் எவர், கேட்டவர் எவர், அருகில் நின்றவர் எவர் என்ற மூன்றும் பாடலுடன் சேர்த்துக் குறிக்கப்படல் வேண்டும். நிரைகளிற் பாடிய மூதாட்டியர் சிலர் பதுளைத் தோட்டங்களின் லயங்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் இம்மூன்றையும் இப்போதே கேட்டறிய இயலும்.