நாற்பது நிமிடமும் மூன்று நிமிடமும்

2003 அக்டோபரில் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறையைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்த இரண்டு பேர் உள்ளே போய் நாற்பது நிமிடம் பேசலாம். ஒருவர் கேட்பார், மற்றவர் சொல்வார். கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் கூடவே இருப்பார். பேசி முடித்ததும் ஒரு பிரதி அவர்கள் கையில். சம்மதித்தால் இன்னொன்று அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகும். இதுதான் ஸ்டோரிகார்ப்ஸ். தொடங்கியவர் டேவ் ஐசே, வானொலியில் ஆவண நிகழ்ச்சிகள் செய்துகொண்டிருந்தவர்.

அந்த அறையைத் திறந்து வைக்க வந்தவர் ஸ்டட்ஸ் டெர்கல். அப்போது அவருக்கு வயது 91. சிகாகோ வானொலியில் பல பத்தாண்டுகள் மனிதர்களைப் பேச வைத்தவர். உழைக்கும் மக்கள் தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசிய ‘வொர்க்கிங்’ நூலை 1974இல் கொண்டுவந்தவர். இந்த நிலையத்தைக் கட்டிய கட்டடக் கலைஞரின் பெயர் நமக்குத் தெரியும், செங்கல் அடுக்கியவர் யார், தரையைப் பெருக்கியவர் யார் என்று அன்று அவர் கேட்டார். ஸ்டோரிகார்ப்ஸின் மொத்த நியாயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

ஆனால் நானும் இதைப் படிக்கும் பலரும் ஸ்டோரிகார்ப்ஸை அறிந்தது அந்த நாற்பது நிமிடம் வழியாக இல்லை. பதிவுகளில் மிகச் சிலவற்றை மட்டும் எடுத்து, சுமார் மூன்று நிமிடமாகச் சுருக்கி, வெள்ளிக்கிழமை காலைகளில் அமெரிக்கப் பொது வானொலியில் போடுவார்கள். நான் பாட்காஸ்டாகக் கேட்கிறேன், ஆபீஸ் போகும் வழியில். டேனி, ஆனி என்ற புரூக்ளின் தம்பதியின் பேச்சு அனிமேஷன் குறும்படமாகவும் வந்திருக்கிறது. டேனி தினமும் காலையில் மனைவிக்கு ஒரு காதல் கடிதம் எழுதி வைப்பவர். புற்றுநோயில் படுத்த பிறகு வீட்டிலேயே அவர்களுடைய கடைசி உரையாடலைப் பதிவு செய்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, பேருந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தொடர்ந்து கேட்டபோதுதான் ஒரு சந்தேகம் வந்தது. ஏன் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்? தொடக்கத்தில் ஒரு சிரிப்பு, நடுவில் ஓர் இழப்பு, கடைசியில் தொண்டை அடைக்கும் ஒரு வரி, பிறகு இசை. போர்வீரர், பள்ளிக்கூடத் துப்புரவாளர், தத்து கொடுத்த தாய் என்று ஆட்கள் மாறினாலும் வடிவம் மாறுவதில்லை. உண்மையில் அவர்கள் அப்படிப் பேசவில்லை, வெட்டியவர்கள் அப்படி அடுக்கியிருக்கிறார்கள். செங்கல் அடுக்கியவரைத் தேடிப் போன திட்டம், அவரையும் கடைசியில் அச்சில் வார்த்த செங்கலாக்கிவிட்டதோ என்று தோன்றியது.

இந்தக் குற்றச்சாட்டை வைக்கும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நானும் அதையே செய்தேன்.

போன வருஷம் ஸ்டோரிகார்ப்ஸின் கேள்விப் பட்டியலைத் தமிழாக்கிக்கொண்டு அப்பாவின் முன்னால் போனை வைத்தேன். அவர் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வெள்ளத்தில் பாலம் மூழ்கி, இரண்டு நாள் வண்டியோடு நின்றதையும், பாஷை தெரியாத ஊர்க்காரர்கள் சோறு கொண்டுவந்து போட்டதையும் சொன்னார். பிரமாதமாகச் சொன்னார். நடுவில் நான், “அப்ப உங்ககூட கிளீனரா இருந்தவர் இப்ப எங்கப்பா?” என்று கேட்டேன். அப்பா பேசவில்லை. ஃபேன் சத்தம் மட்டும் 22 நொடி. பிறகு, “அவன் போயிட்டான்பா. நீ சாப்பிட்டியா?” என்றார்.

எனக்குத் தொழில் மென்பொருள். தேவையில்லாததை நீக்கிக் கோப்பைச் சின்னதாக்குவது கைப்பழக்கம். வெள்ளக் கதையை மட்டும் மூன்று நிமிடமாக வெட்டி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சித்தப்பா, அத்தை எல்லாரும் இதயங்களாகக் கொட்டினார்கள். இரவு அப்பா கூப்பிட்டார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அவனைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியே, அதைக் காணோமே?”

அந்த 22 நொடியை நான் ‘ஒன்றுமில்லாத இடம்’ என்று நினைத்து நீக்கியிருந்தேன். அவருக்கு அந்த மனிதர் பதிவில் இருந்தது அந்த இடத்தில் மட்டும்தான்.

அதற்குப் பிறகு ஸ்டோரிகார்ப்ஸை வேறு மாதிரி கேட்கிறேன். 2015இல் அவர்கள் ஒரு ஆப் கொண்டுவந்தார்கள். அந்த வருஷமே, நன்றி நவிலல் விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்லி உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கேட்டுக்கொண்டார்கள். பொதுவில் வைக்கப்பட்ட அந்தப் பதிவுகளை முழுதாகவே கேட்கலாம். பாதி நேரம் சலிப்பாக இருக்கும். பையன் பட்டியலைப் பார்த்து ஒப்பிப்பான், பாட்டி வேறெதற்கோ பதில் சொல்வார். ஆனால் எங்காவது ஓரிடத்தில் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியை அவன் கேட்டுவிடுவான். மூன்று நிமிட வடிவத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் கேட்பவன்தான். அங்கே கதை சொன்னவர் தானாகப் பேசியது போல இருக்கும். எதிரில் ஒருவர் உட்கார்ந்து, நேரம் போனால் போகட்டும் என்று காத்திருந்ததால்தான் அந்தப் பேச்சு வந்தது என்பது தெரியாது.

மூன்று நிமிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லையென்றால் அப்பாவிடம் போனை வைத்திருக்கவே மாட்டேன். அது ஒரு அழைப்பிதழ். அழைப்பிதழை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்ததாக நினைத்துக்கொள்வதுதான் பிரச்சினை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். பட்டியலை எடுத்துப் போகவில்லை. போனை நடுவில் வைத்துவிட்டு, “கிளீனர் அண்ணன் பேர் என்னப்பா?” என்று மட்டும் கேட்டேன். அந்தக் கோப்பு ஒரு மணி பத்து நிமிடம். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.