பத்துக் கேள்விகளின் தமிழ்

சேத்தியாத்தோப்பில் பிள்ளை பெற்று ஒரு மாதமான பெண்ணிடம் "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டால் சிரித்துவிடுவாள். கைக்குழந்தை உள்ள வீட்டில் யார் தூங்குகிறார்கள்? 1987-ல் வெளியான எடின்பரோ மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு அளவுகோல் இதை அறிந்தே, மனக்கஷ்டத்தால் தூக்கம் கெடுகிறதா என்று கேட்கிறது. மொழிபெயர்ப்பவர் அந்த 'ஆல்' உருபைத் தவறவிட்டால் ஊரிலுள்ள தாய்மார் அத்தனை பேரும் நோயாளிகள் ஆகிவிடுவார்கள்!

கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் சோதித்த தமிழ் வடிவம் 2005-ல் வெளிவந்தது. இத்தகைய வினாத்தாள்களுக்கு வழக்கமான ஓர் உரைகல் உண்டு. மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்புவார். பொருந்தாத இடத்தில் மறுபடி உட்கார வேண்டியதுதான்.

கடைசிக் கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. பூசி மெழுகினால் பதில் வராது. முகத்திலடித்தாற்போல் கேட்டாலும் வராது. மனநோயும் தெரிந்து, நடுவீட்டுப் பேச்சும் தெரிந்தவருக்கே அந்த ஒரு வரி கைவரும்.