வீட்டுக்குள் ஒரு தனிக்குரல்

சங்கீதத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. கதை எழுதுகிறவன், சாயங்கால வேளையில் பாட்டுக் கேட்கிறவன். அவ்வளவுதான். ஸ்பானிஷ் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் போன மாதம் முழுவதும் செலீனா என்ற பெண் ஸ்பானிஷில் பாடிய பாட்டுக்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இசைத்தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஒரு நண்பர். கொடுக்கும்போதே கதையையும் சொல்லிவிட்டார். "அப்பா, அண்ணன், அக்கா என்று ஒரு குடும்பக் கோஷ்டி. அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து தனியாக நின்று பேர் வாங்கினவள். உமக்கு ஒரு நாவலுக்கு ஆகும், கேட்டுப் பாரும்" என்றார்.

குடும்பம் என்றால் கூண்டு, கலைஞன் என்றால் பறவை என்று நினைப்பது எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. நானே இரண்டு நாவல்களில் கதாநாயகியை வாசற்படி தாண்டவைத்து முற்றும் போட்டிருக்கிறேன். தாண்டின பிறகு அவள் என்ன ஆனாள் என்று நானும் யோசிக்கவில்லை, வாசகர்களும் கேட்கவில்லை. அந்தக் கூச்சத்தோடுதான் இந்தப் பெண்ணின் கதையைப் படிக்க ஆரம்பித்தேன்.

செலீனா கின்தனீயா 1971-ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தைச் சேர்ந்த லேக் ஜாக்ஸன் என்ற ஊரில் பிறந்தாள். மெக்ஸிக வம்சாவளிக் குடும்பம். அப்பா ஆபிரகாம் வாலிபத்தில் 'லாஸ் டினோஸ்' என்ற கோஷ்டியில் பாடினவர். குடும்பம் பெருகியதும் பாட்டை விட்டுவிட்டு ரசாயனத் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். விட்ட ஆசை மனசின் அடியில் தங்கியிருந்தது. கடைசிப் பெண்ணின் குரல் அதைக் கிளறிவிட்டது. மகன் ஏ.பி.யின் கையில் பேஸ் கிட்டாரையும், பெரிய பெண் சுஸெட்டை டிரம்ஸ் முன்னாலும் வைத்துப் பழக்கினார். தம் பழைய கோஷ்டியின் பெயரையே குழந்தைகளுக்கும் சூட்டினார்: 'செலீனாவும் லாஸ் டினோஸும்'. 1980-களின் தொடக்கத்தில் ஓர் உணவு விடுதி வைத்து, அங்கே இவர்களைப் பாடவைத்தார். பொருளாதார மந்தம் வந்தது, விடுதி மூழ்கியது, வீடும் போயிற்று. கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அதற்கப்புறம் கல்யாண வீடு, திருவிழா, நடன மண்டபம் என்று ஒரு பழைய பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றின வாழ்க்கைதான். பெண்ணின் பள்ளிக்கூடப் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. மீதியைத் தபால் மூலம் படித்தாள்.

இவர்கள் பாடியது தெஹானோ சங்கீதம். டெக்ஸாஸ் மெக்ஸிகர்களுடையது. அக்கார்டியனும் போல்கா தாளமும் அதில் பழைய சொத்து. கொலம்பியாவிலிருந்து வந்த கும்பியா பின்னால் சேர்ந்தது. ஆண்கள் ஆண்டுகொண்டிருந்த துறை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செலீனாவுக்கு வீட்டுப் பாஷை இங்கிலீஷ். ஸ்பானிஷ் பாட்டுக்களை அப்பா சொல்லிக் கொடுக்க, உச்சரிப்பை மனப்பாடம் செய்துதான் முதலில் பாடினாள். தெலுங்கு தெரியாமலே தெலுங்குக் கீர்த்தனையில் உருகுகிற நமக்கு இது ஆச்சரியமாக இராது.

1989-ல் ஈ.எம்.ஐ. லத்தீன் கம்பெனி அவளை ஒப்பந்தம் செய்தது. அவ்வருஷம் வந்த இசைத்தட்டின் மேல் 'செலீனா' என்ற ஒரே பெயர். என் நண்பர் சொன்ன 'பிய்த்துக்கொண்டு வந்த' இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அட்டையைத் திருப்பிப் பார்த்தால் யார் இருக்கிறார்கள்? இசையைக் கட்டி அமைத்தவர் அண்ணன். மேடையில் டிரம்ஸ் அக்கா. நிர்வாகம் அப்பா. பெயர்தான் தனியாகப் போயிற்று. மனிதர்கள் யாரும் நகரவில்லை.

குடும்பம் எல்லாம் தேனும் பாலும் என்று நான் சொல்ல வரவில்லை. கோஷ்டியில் கிட்டார் வாசித்த கிறிஸ் பெரெஸை அவள் விரும்பினாள். விஷயம் தெரிந்ததும் அப்பா அவரைக் கோஷ்டியை விட்டே விலக்கினார். 1992 ஏப்ரலில், இருபத்தோரு வயது நிறைவதற்கு இரண்டு வாரம் முன்னால், வீட்டுக்குச் சொல்லாமல் அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வாசற்படி தாண்டிய காட்சி என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் என் நாவல்களில் முற்றும் விழுகிற இடத்தில் இங்கே அடுத்த அத்தியாயம் ஆரம்பமாகிறது. அப்பா சம்மதித்தார், மாப்பிள்ளை கிட்டாரோடு திரும்பி வந்தார். கோஷ்டியில் ஓர் உறவு கூடிற்று.

1994-ல் வெளியான 'அமோர் புரோஹிபிதோ' தொகுப்பில் 'நோ மே கேதா மாஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. நண்பர் கொடுத்த தட்டுகளில் நான் அதிகமாகக் கேட்டது இதைத்தான். காதலன் இன்னொருத்தியோடு போய்விட்டான். இனி எனக்கு மிச்சம் ஒன்றுமில்லை, நீ நன்றாக இரு என்று சொல்கிற பெண்ணின் பாட்டு. எழுதியவர் கோஷ்டியில் கீபோர்டு வாசித்த ரிக்கி வேலா. அவருக்கு மனசு முழுக்க சுஸெட்டின் மேல் இருந்தது. சுஸெட் 1993-ல் வேறொருவரை மணந்தபோது எழுதிய பாட்டு இது. எழுதினதை அவளுடைய அண்ணனிடமே கொடுத்தார். பாடியவள் அவளுடைய தங்கை.

மேடையை நினைத்துப் பாருங்கள். எழுதினவர் ஒரு பக்கம் கீபோர்டில். யாரை நினைத்து எழுதினாரோ அவள் டிரம்ஸில். நடுவில் தங்கை நின்று பாடுகிறாள். எந்த நாவலாசிரியனாவது இப்படிக் கற்பனை செய்திருந்தால், மிகையாக இருக்கிறதென்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

இதில் என்னை நிறுத்தி வைத்தது கதை மட்டுமல்ல. பாடுகிறவளுக்கு இந்தத் துக்கம் சொந்தமில்லை. அவள் விரும்பியவனை மணந்து சந்தோஷமாக இருந்தவள். துக்கம் ஓர் ஆணுடையது. அதை ஒரு பெண்ணின் வாயில் வைத்திருக்கிறார்கள். அழுது தீர்க்க வசதியான பாட்டு. செலீனா அழவில்லை. குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லையும் நேராக வைக்கிறாள். உச்சத்துக்குப் போகும் இடத்தில் குரல் கரகரத்து உடையப் பார்க்கிறது. உடையவிடாமல் கீழே இறக்கிவிடுகிறாள். யாரையும் குற்றம் சொல்லாத ஒரு கௌரவம் அந்த இறக்கத்தில் வருகிறது. அதை ரிக்கி வேலா எழுதித்தந்திருக்க முடியாது. அப்பா சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அவளுடைய சொந்தச் சம்பாத்தியம் அது. அவள் தனிப் பாடகியானது இந்த இடத்தில்தான் என்பேன். சுற்றிலும் வீட்டார் நிற்க, நடுவில் தனியாக.

இதற்கு நேர் எதிரில் இங்கிலீஷ் பாட்டுக்களை வைத்துப் பார்க்க வேண்டும். 1993 கடைசியில், இங்கிலீஷ் தொகுப்புக்கென்று எஸ்.பி.கே. என்ற இன்னொரு கம்பெனியோடு ஒப்பந்தமாயிற்று. இம்முறை பாட்டு எழுதியவர்களும் இசை அமைத்தவர்களும் வெளியார், கெட்டிக்காரர்கள். 'ஐ குட் ஃபால் இன் லவ்' முதலான நான்கு பாட்டுக்கள் பதிவாகியிருந்தன. குரல் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஒரு பிசிறு இல்லை. ஆனாலும் பெரிய மனிதர் வீட்டு விருந்துக்கு வந்த பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பது போல் எனக்குப் பட்டது. வேடிக்கை என்னவென்றால் இங்கிலீஷ்தான் அவளுக்குப் பிறவிப் பாஷை! கற்றுக்கொண்ட பாஷையில் வீட்டுக்காரியாகவும், பிறந்த பாஷையில் விருந்தாளியாகவும் இருக்கிறாள்.

பாஷைதான் காரணமோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். அப்படியில்லை. 1992 தொகுப்பில் அண்ணன் எழுதிக் கொடுத்த 'மிஸ்ஸிங் மை பேபி' என்ற இங்கிலீஷ் பாட்டை எவ்வளவு சகஜமாகப் பாடுகிறாள்! ஆகவே வித்தியாசம் பக்கத்தில் நிற்கிறவர்களால் வந்தது. அவள் எங்கே மூச்சு விடுவாள், எந்த வரியில் விளையாடுவாள் என்று பத்து வருஷம் ஒரே பஸ்ஸில் தூங்கி எழுந்தவர்களுக்குத் தெரியும். 'பிடி பிடி பாம் பாம்' என்ற பாட்டே மேடையில் அர்த்தமில்லாத சொற்களை வைத்து விளையாடியதில் பிறந்ததுதான். அந்நியர் நடுவில் அப்படி விளையாட வருமா?

இங்கே நான் அவசரப்படவும் கூடாது. புது வீட்டுக்குக் குடிபோனவர்கள் முதல் மாதம் கூச்சப்படுவார்கள். ஆறாம் மாதம் கூடத்தில் காலை நீட்டிப் படுப்பார்கள். அவளுக்கு அந்த ஆறு மாதம் கிடைக்கவில்லை. 1995 பிப்ரவரி 26-ந் தேதி ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில் 60,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் முன்னால் பாடினாள். இங்கிலீஷ் டிஸ்கோ பாட்டுக்களில் ஆரம்பித்து, ஸ்பானிஷுக்குத் தாண்டினாள். இரண்டு பாஷைக்கும் நடுவில் சுவரே இல்லாதது போல் இருந்தது. பின்னால் அதே அண்ணன், அதே அக்கா. அடுத்த மாதம் 31-ந் தேதி, ரசிகர் மன்றத்தை நடத்தி வந்த பெண்மணியே அவளைச் சுட்டுக் கொன்றாள். இருபத்து மூன்று வயது.

முடியாத இங்கிலீஷ் தொகுப்போடு பழைய ஸ்பானிஷ் பாட்டுக்களையும் சேர்த்து, ஜூலையில் 'டிரீமிங் ஆஃப் யூ' என்று வெளியிட்டார்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் வாரமே முதலிடம். அதை அவளுடைய சிகரம் என்று பலர் எழுதுகிறார்கள். துக்கத்தில் வாங்கின கைகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு தட்டாக மதிப்பிட்டால், அது பாதி கட்டின வீடு. அதை முழு வீடு என்று புகழ்வது, கட்டி முடித்திருக்கக்கூடியவளுக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

தட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "நாவலுக்கு ஆகுமா?" என்று நண்பர் கேட்டார்.

"ஆகும். ஆனால் நீர் சொன்ன கதை அதில் இல்லை" என்றேன்.

எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. 'அமோர் புரோஹிபிதோ' இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.