கான்கார்டு ஏன் ஓய்ந்தது?

ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் ஏன் நின்றது என்று கேட்டால், ‘2000ஆம் ஆண்டு பாரிஸ் அருகே நேர்ந்த விபத்தால்’ என்றே பலரும் விடை சொல்வார்கள். 113 உயிர்களைப் பலிகொண்ட அவ்விபத்து கொடியதுதான். ஆயினும் மாறுதல்கள் செய்யப்பட்டு 2001இல் கான்கார்டு மீண்டும் பறந்தது; ஓய்வு பெற்றது 2003இல். ஆகவே இவ்விடை அரைகுறையானது. கான்கார்டின் நோய் பிறவி நோய்.

விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே இடி முழக்கம் எழும் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். இது தவறு. குளத்தில் விரையும் படகின் பின்னே அலை விரிந்து தொடர்வதுபோல, விமானத்தின் பின்னே கூம்பு வடிவில் அதிர்ச்சி அலை ஓயாது தொடர்கிறது.

சுமார் 17 கி.மீ. உயரத்தில் கான்கார்டு சென்னையிலிருந்து கொச்சி நோக்கிப் பறப்பதாகக் கொள்ளுங்கள். அடி அண்ணாமலையில் கிரிவலம் வருவோர் அந்த இடியைக் கேட்பர். அத்துடன் முடிந்துவிடாது. வழிநெடுக, ஏறத்தாழ 80 கி.மீ. அகலத்துக்கு, ஒவ்வோர் ஊரிலும் அது கேட்கும். பயணம் செய்வோர் 100 பேர். திடுக்கிடுவோர் பல லட்சம்!

இதை எந்த நாடு பொறுக்கும்? அமெரிக்கா 1973இலேயே தன் நிலத்தின் மேல் இத்தகைய பயணத்தைத் தடை செய்தது. 1977 டிசம்பரில் லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் சேவை தொடங்கியது. இந்தியா தன் நிலத்தின் மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க இசையவில்லை. மலேசியாவும் ஆட்சேபித்தது, மூன்றே பயணங்களில் சேவை நின்றது. 1979இல் மீண்டும் தொடங்கி, 1980இல் அடியோடு முடிந்தது. 2 கான்கார்டுகளுக்கு முன்பதிவு செய்திருந்த ஏர் இந்தியாவும் அவற்றை வாங்காமலே விட்டுவிட்டது.

நிலவழி அடைபட்டதால் கடல்வழி மட்டுமே மிஞ்சியது. பசிபிக் கடலை ஒரே மூச்சில் கடக்க அதன் எரிபொருள் போதாது. எஞ்சியது அட்லாண்டிக் ஒன்றே. அங்கேயோ, 4 மடங்கு பயணிகளை ஏற்றிய ஜம்போ விமானம் அதைவிட அதிக எரிபொருள் கேட்கவில்லை. பயணிகளை ஏற்றிப் பறந்தவை 14 விமானங்களே.

கான்கார்டு அரிய பொறியியல் சாதனை, ஐயமில்லை. ஆனால் அதைத் திட்டமிட்டோர் பயணிகளின் நேரத்தைக் கணக்கிட்டனர்; கீழே வாழ்வோரின் காதுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2025இல் முதன்முறை பறந்த நாசாவின் எக்ஸ்-59 சோதனை விமானம், இடியை மெல்லிய ஓசையாகக் குறைக்கவே வடிவமைக்கப்பட்டது. விட்டுப்போன கணக்கை விஞ்ஞானிகள் இப்போதுதான் போடுகிறார்கள்.