கழிபொருளும் கலைப்பொருளும்: ஹைடல்பேர்க் வீதி குறித்துச் சில சிந்தனைகள்

கலைப்பொருள் எது, கழிபொருள் எது என வரையறுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? அழகியல் நூல்கள் பெரிதும் தீண்டாத இவ்வினாவை, அமெரிக்காவின் டெற்றொயிற் நகரிலுள்ள ஒரு வறிய வீதி நேரடியாகவே எழுப்பிற்று.

1950ஆம் ஆண்டில் ஏறத்தாழ பதினெட்டரை இலட்சம் மக்கள் வாழ்ந்த அந்நகரில் 2020இல் எஞ்சியோர் 6,39,111 பேர் மட்டுமே. மோட்டார் வாகன முதலாளிகள் தொழிற்சாலைகளை வேற்றிடங்களுக்கு நகர்த்தினர். அரச உத்தரவாதம் பெற்ற வீட்டுக்கடனுடன் வெள்ளையர் புறநகர்களிற் குடியேறினர். அக்கடன் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் வெறுமையாகிவந்த நகரோடு விடப்பட்டனர். 1967ஆம் ஆண்டின் எழுச்சியில் 43 பேர் மாண்டனர். அதனைச் சிறுவனாகக் கண்டவர் டைரீ கைற்றன். அவர் 1986இல், வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளியாயிருந்த பாட்டனார் சாம் மக்கியுடனும் மனைவி கரெனுடனும், தாம் வளர்ந்த ஹைடல்பேர்க் வீதியிற் பணியைத் தொடங்கினார். கைவிடப்பட்ட வீடுகளின் சுவர்களிற் பொம்மைகள் அறையப்பட்டன. பழைய பாதணிகள், தூசுறிஞ்சிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், வாகனங்களின் முன்மூடிகள் யாவும் வெற்றுநிலங்களில் நிரைப்படுத்தப்பட்டன. வீடுகளிலும் தெருவிலும் பல வர்ணப் பொட்டுகள் தீட்டப்பட்டன.

சாதாரணப் பொருளைக் கலையாக்குதல் புதியதன்று. 1917இல் மார்சல் டூஷாம்ப் சிறுநீர்க்கலமொன்றைக் கண்காட்சிக்கு அனுப்பினார். ஆனால் அங்கு பொருள் தன் சூழலினின்றும் பிரிக்கப்பட்டே அர்த்தம் பெற்றது. ஹைடல்பேர்க்கிலோ பொருள், தான் எறியப்பட்ட மண்ணிலேயே நிற்கிறது. குழந்தைகளற்ற வீட்டுச் சுவரிற் பொம்மையைக் காண்பவர், அக்குழந்தைகள் எங்கே சென்றனர் என வினவாதிருக்க முடியாது. மரத்திற் தொங்கவிடப்பட்ட பாதணிகள், தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் மரங்களிற் தூக்கிடப்பட்ட கொடுமை பற்றிய பாட்டனாரின் நினைவுகளோடு தொடர்புடையவை. இவ்விடத்தில் உருவமும் உள்ளடக்கமும் வேறுபிரிக்கவியலாதன. வர்ணப் பொட்டுகளைப் பற்றி அவ்வாறு கூற எனக்குத் துணிவில்லை. பல இடங்களில் அவை வெறும் அலங்காரமாகவே தேய்ந்துவிடுகின்றன.

நகராட்சி 1991இலும் 1999இலும் இப்படைப்பின் பகுதிகளை இடித்தது. நகரெங்கும் பாழ்மனைகள் நின்றிருக்க, அவற்றுட் பேசத் தொடங்கியவையே முதலில் வீழ்த்தப்பட்டன. முதல் இடிப்பு நிகழ்ந்தபோது நகரபிதாவாக இருந்தவர் கோல்மன் யங். அப்பதவியை வகித்த முதற் கறுப்பினத்தவர். ஆகவே இன முரண்பாட்டை மட்டுங் கொண்டு இதனை விளக்க முடியாது. முதலீட்டை எதிர்பார்த்திருந்த நகர நிருவாகத்துக்குத் தன் வறுமை காட்சிப்படுவது உவப்பானதன்று என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

எனினும் அயலவர் சிலரும் இப்படைப்பை எதிர்த்தனர் என்பதை மறைத்தலாகாது. தம் வாசலில் குப்பை குவிவதையும், தம் வாழ்க்கையைப் பார்க்க வெளியூரார் வாகனங்களில் வருவதையும் அவர்கள் விரும்பவில்லை. அவர்களைக் கலையுணர்வற்றோர் என ஒதுக்குவது முற்போக்கு விமர்சகர் பலரிடமும் உள்ள ஒரு சோம்பல். மக்கள் கலை எனும்போது, அம்மக்களுள் அதனை வேண்டாதவருக்கு உரிய இடம் யாதென நாம் இன்னும் தெளிவாகச் சிந்திக்கவில்லை. கைற்றனின் துணிவை மதிக்கும் எனக்கும் இவ்விடயத்திற் சங்கடமே மிஞ்சுகிறது.

2013, 2014ஆம் ஆண்டுகளிற் தொடர்ந்து வைக்கப்பட்ட தீயில் வீடுகள் பல எரிந்தன. 2016இல், எஞ்சியவற்றைப் படிப்படியாகத் தாமே அகற்றப்போவதாகக் கைற்றன் அறிவித்தார். அவருடைய ஆக்கங்கள் அருங்காட்சியகங்களின் சேகரிப்பிலும் இடம்பெற்றுள்ளன. அங்கே, வெண்சுவரின் முன், ஒரு பழம் பாதணி பெரும்பாலும் பாதணியாகவே இருக்கும்.