சதுரக் கட்டத்தினுள் ஒரு மொழி: சூசன் கெயரின் படவுருக்களும் வடிவமைப்புக் கல்வியும்

கணனித் திரையிலே தோன்றும் சிற்றுருவங்களைக் கலைப்படைப்புக்களாகக் கொண்டு ஆராயும் வழக்கம் தமிழ் விமரிசனத்தில் அருமையாகவே காணப்படுகின்றது. கவிதைக்கும் நாவலுக்கும் உரிய அளவுகோல்களை இவற்றின்மீது பிரயோகிப்பது மிகை என்று கருதுவோரும் உளர். ஆயின், நாள்தோறும் கோடிக்கணக்கானோர் பார்ப்பதும் தொடுவதுமான ஓர் உருவத்தொகுதி எவ்வாறு ஆக்கப்பட்டது, அதை ஆக்கியோர் அக்கலையை எவ்வாறு கற்றனர் என்ற வினாக்கள் விமரிசனத்துக்குப் புறம்பானவை அல்ல. இவ்வகையில் முதன்மையாக நோக்கற்பாலவை, 1984 ஜனவரி 24 ஆம் திகதி வெளியிடப்பட்ட அப்பிள் மக்கின்டொஷ் கணனிக்காகச் சூசன் கெயர் வரைந்த படவுருக்களாகும்.

கெயர் பற்றி வழங்கிவரும் கதை ஏறக்குறைய ஒரு புராணமாகிவிட்டது. கணனியறிவு சிறிதும் இல்லாத ஓர் ஓவியர், பாடசாலைக்கால நண்பரான அன்டி ஹேட்ஸ்பெல்ட் 1982 இல் தொலைபேசியில் அழைக்கிறார், கலைப்பொருட் கடையொன்றிலே சிறு கட்டக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, அதன் சதுரங்களை நிரப்பி உருவங்களை வரைகிறார், 1983 ஜனவரியில் அப்பிள் நிறுவனத்திற் சேர்கிறார், உலகம் மாறுகிறது. இக்கதையிற் சொல்லப்படும் செய்திகள் பொய்யல்ல. எனினும் கதையின் தொனி பொய்யானது. கல்லாமலே கைவந்த கலை என்ற எண்ணத்தை அது கேட்போர் மனத்திலே விதைக்கின்றது. உண்மையில் கெயர் 1978 இல் நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத் துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். சான் பிரான்சிஸ்கோ நுண்கலை நூதனசாலைகளிற் பணியாற்றியவர். அழைப்பு வந்த வேளையில் ஆர்கன்சா மாநில நூதனசாலை ஒன்றுக்காகக் காட்டுப்பன்றி ஒன்றின் முழுவளவுச் சிற்பத்தை உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவர். பல வண்ணக் கற்களைப் பதித்து உருவமாக்கும் வேலைப்பாடும், துணியின் இழைகளை எண்ணி ஊசியாற் செய்யும் பின்னலும் படப்புள்ளிக் கலைக்கு முன்னோடிகள் என்பதை அவரே பலமுறை எடுத்துக் கூறியுள்ளார். ஆகவே அவருக்குப் புதிதாக இருந்தது பொறியே அன்றி, அப்பொறி வேண்டிநின்ற பார்வை அன்று.

அப்பார்வை எத்தகையது? மக்கின்டொஷின் திரை குறுக்கே 512 புள்ளிகளும் நெடுக்கே 342 புள்ளிகளும் கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. இடைப்பட்ட சாம்பல் நிறம் கிடையாது. படவுரு ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது 32 க்கு 32 என்ற சதுரம், அதாவது 1024 புள்ளிகள். இவ்வெல்லைக்குள் வளைகோடு என்று ஒன்றில்லை. படிக்கட்டுப் போன்ற புள்ளிவரிசையை வளைகோடாகக் கண்ணை நம்பவைத்தல் மட்டுமே உண்டு. ஒரு புள்ளியை இடமிருந்து வலம் நகர்த்தினால் முகத்தின் புன்னகை ஏளனமாக மாறிவிடலாம். ஓவியத்தில் தவறிய கோட்டை மற்றொரு கோட்டினால் மறைக்கலாம். இங்கோ மறைப்பதற்கு இடமில்லை.

தொடக்கத்திற் கெயர் காகிதத்திலே கட்டங்களை நிரப்பினார். அவை பின்னர் எண்களாக மாற்றப்பட வேண்டியிருந்தன. சிறிது காலத்தில் ஹேட்ஸ்பெல்ட் படவுருக்களை ஆக்குதற்கென ஒரு செயல்நிரலை எழுதிக் கொடுத்தார். சுட்டியினாற் புள்ளிகளை இடவும் நீக்கவும் அது உதவியது. உரிய எண்களையும் தானே உருவாக்கியது. பெருப்பித்த கட்டமும் உண்மையளவிலான உருவமும் ஒரே வேளையில் அருகருகே தோன்றியமையே அச்செயல்நிரலின் சிறப்பு. இதனை வெறும் தொழினுட்ப வசதியாகக் கருதலாகாது. பெரிய கட்டத்தில் அழகாகத் தெரிவது சிறிய அளவிலே குழம்பிப்போவதையும், பெரிய கட்டத்தில் விகாரமாகத் தெரிவது சிறிய அளவிலே தெளிவு பெறுவதையும் கண் அந்தக் கணமே கண்டறிகின்றது. வடிவமைப்புக் கல்வியின் சாரம் இதுவே எனலாம்: செய்பவரின் கண்ணோடு பார்ப்பதையும் பயன்படுத்துபவரின் கண்ணோடு பார்ப்பதையும் மாறிமாறிப் பழகுதல். இன்று வழங்கும் விலையுயர்ந்த வரைகலைக் கருவிகள் பலவற்றுக்கும் இதற்குமேற் கற்பிப்பதற்கு அதிகம் இல்லை.

கெயருக்கு முன்னரே இத்துறையில் ஒரு மரபு இருந்தது என்பதையும் மறத்தலாகாது. 1981 இல் வெளிவந்த செரொக்ஸ் ஸ்ரார் கணனியின் படவுருக்களை நோர்ம் கொக்ஸ் வரைந்தார். அக்கணனிக்கென நான்கு வேறு படவுருத் தொகுதிகள் ஆக்கப்பட்டு, பயன்படுத்துவோர் முன் வைத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே ஒன்று தெரிவுசெய்யப்பட்டது. அழகை வாக்கெடுப்பினால் தீர்மானிக்க முடியுமா என்று இலக்கிய மாணவர் கேட்கலாம். அங்கே அளக்கப்பட்டது அழகன்று. எது எதனைக் குறிக்கின்றது என்பதை மக்கள் எவ்வளவு விரைவாகவும் பிழையின்றியும் அறிந்தனர் என்பதே. இன்னும் பின்னோக்கினால், 1925 இல் வியன்னாவிலே சமூக பொருளாதார நூதனசாலையை நிறுவிய ஒட்டோ நியூராத்தையும், அவருக்காக உருவங்களை வெட்டிய ஜேர்ட் ஆர்ன்ஸ் என்பாரையும் காணலாம். எழுத்தறிவு குறைந்த தொழிலாளருக்குப் புள்ளிவிபரங்களைப் படங்களாக எடுத்துச் சொல்லுதல் அவர்தம் நோக்கமாக இருந்தது. சொற்கள் மக்களைப் பிரிக்கின்றன, படங்கள் இணைக்கின்றன என்பது நியூராத்தின் நம்பிக்கை. கணனிப் படவுருக்களும் இந்நம்பிக்கையின் வழிவந்தனவே. அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே விமரிசகர் எழுப்பவேண்டிய வினா.

படவுருக்களைத் தனித்தனியே எடுத்து நோக்கினால் அவற்றின் தரம் ஒரே சீரானதன்று என்பது புலனாகும். பில் அட்கின்சன் ஆக்கிய மக்பெயின்ட் என்னும் ஓவியச் செயல்நிரலுக்குக் கெயர் வரைந்த சுருக்குக் கயிறும் வண்ணவாளியும் குறிப்பிடத்தக்க வெற்றிகள். சுருக்குக் கயிறு அமெரிக்க மாட்டுப்பண்ணைக்கே உரிய பொருள். ஆயினும் அப்பண்ணையைக் கண்டிராதவரும் அதன் பயனை உணர்வர். கயிறு எதையேனும் வளைத்துப் பிடிக்கும் என்பது அதன் வடிவத்திலேயே உள்ளது. வண்ணவாளியோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. வாளியிலிருந்து வழியும் வண்ணத்தின் நுனியே திரையில் நிறம் விழவேண்டிய இடத்தைச் சுட்டுகின்றது. உருவமும் செயலும் ஒரே புள்ளியிற் கூடுவதாலே இவ்விரண்டும் மனத்தில் நிலைக்கின்றன.

இதற்கு மாறாக, பிரதிசெய்தல் என்ற செயலைக் குறிக்கக் கெயர் ஒரு கட்டத்திற் கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் பூனையை வரைந்து பார்த்தார். பிறரைப் பார்த்துச் செய்பவரைப் பூனையுடன் இணைத்துச் சொல்லும் ஆங்கில வழக்கு தெரிந்தவருக்கு அது நகைச்சுவை. தெரியாதவருக்கு அது வெறும் பூனை. அது கைவிடப்பட்டது நன்றே. பொருள்களை வரைவது எளிது, வினைகளை வரைவது அரிது என்ற பாடம் இதிலே உண்டு. பெயர்ச்சொல்லைப் படமாக்கலாம், வினைச்சொல்லைப் படமாக்கப் புகும்போது மொழி பின்கதவால் உள்ளே வந்துவிடுகின்றது.

குப்பைத் தொட்டி மற்றொரு வகையான தோல்வி. அத்தொட்டி கெயரின் தனிக் கற்பனை அன்று. 1983 இல் வெளிவந்த லீசா கணனியிலும் அது இருந்தது. தேவையற்றதை எறிதற்கு அது பொருத்தமான உருவம். ஆயின் மக்கின்டொஷிலே தட்டினை வெளியே எடுப்பதற்கும் அதன் உருவத்தை அத்தொட்டிக்குள் இழுத்துப் போடலாம் என்று விதித்தார்கள். தாம் சேமித்தவை யாவும் அழிந்துபோகுமோ என்ற அச்சம் புதியவருக்கு எழுந்ததில் வியப்பில்லை. தட்டினை இழுக்கும்போது மட்டும் தொட்டியின் உருவம் வெளியேற்றற் குறியாக மாறும் ஏற்பாடு பிற்காலத்தில், 2001 ஐ அடுத்த முறைமைகளிலேயே, வந்தது. உருவகத்தை ஏற்றுக்கொண்ட கவிஞர் அதன் விளைவுகளையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அணியிலக்கணம் கற்றோருக்குப் புதிய செய்தியன்று.

கணனி முற்றாகச் செயலிழக்கும்போது தோன்றிய குண்டின் உருவம் தனியே கவனிக்கத்தக்கது. திரி எரியும் உருண்டைக் குண்டு, சிறுவர் சித்திரக் கதைகளில் வருவது. பயன்படுத்துவோர் இதனை ஒருபோதும் காணப்போவதில்லை என்று நிரலாளர் சொன்னதை நம்பியே கெயர் அதனை வரைந்தார். அவர்கள் கண்டார்கள், சிலர் கணனி வெடித்துவிடுமோ என்றும் அஞ்சினார்கள். அமெரிக்காவிலே இது ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுகின்றது. பல்லாண்டுகள் போரைக் கண்ட இலங்கை போன்ற நாடொன்றில், வீட்டின்மேல் விழுந்த குண்டின் நினைவோடு கணனியின் முன் அமர்ந்த ஒருவருக்கு அதே உருவம் அதே வேடிக்கையைத் தந்திருக்க முடியாது. வரைந்தவரைக் குறைகூற இதனைச் சொல்லவேண்டியதில்லை. படம் எல்லைகளைக் கடக்கும் என்ற கொள்கையின் எல்லையை இது காட்டுகின்றது என்பதே இங்கு முக்கியமானது.

அக்கொள்கையை நியூராத் குழுவினரே பின்னாளில் திருத்திக்கொண்டனர். ஒட்டோ நியூராத் மறைந்தபின் அவர்தம் துணைவியார் மேரி நியூராத் 1950 களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகப் பணியாற்றினார். அங்கு நேரிற் சென்று பார்த்து, ஐரோப்பிய மனித உருவங்களின் உடையையும் வீடுகளின் அமைப்பையும் அந்நாட்டுக்கு ஏற்ப மாற்றினார். கணனித்துறை இப்பாடத்தைக் கற்கத் தாமதித்தது. கொடியுயர்த்திய அமெரிக்க நாட்டுப்புறத் தபாற்பெட்டி மின்னஞ்சலுக்குக் குறியானது. அத்தகைய பெட்டியைக் கண்டிராதோர் உலகில் எத்தனை பேர்! ஆந்தையை அறிவின் சின்னமாக வைத்தால், அதன் அலறலை அபசகுனமாகக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கிழவிக்கு அது எதனைச் சொல்லும்? இலங்கையின் அலுவலகங்களில் நாடாவினாற் கட்டிய கோவையே கோவை. மேல்விளிம்பில் நாக்கு நீட்டிய மஞ்சள் உறையன்று.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியைக் குறிப்பிடலாம். மக்கின்டொஷின் விசைப்பலகையிலே கட்டளை விசைக்கு முதலிற் பயன்பட்டது அப்பிள் நிறுவனத்தின் சின்னம். பட்டியல்கள் எங்கும் அச்சின்னம் நிறைந்துவிட்டதை ஸ்டீவ் ஜொப்ஸ் விரும்பவில்லை. கெயர் குறியீட்டு அகராதி ஒன்றைப் புரட்டி, சுவீடனில் பார்க்கத்தக்க இடங்களைச் சுட்டும் குறியைத் தெரிவுசெய்தார்: நான்கு மூலைகளிலும் சுழி கொண்ட, முடிவற்ற ஒரே கோட்டாலான சதுரம். ஸ்கன்டிநேவியப் பழங்காலக் கல்லொன்றிலும் காணப்படும் இவ்வடிவைத் தமிழ்க் கண் உடனே சிக்குக்கோலமாகவே காணும்; நான்கு புள்ளிகளைச் சுற்றி வளைத்தால் வருவது அதுவே. வரலாற்றுத் தொடர்பு எதுவும் இதனால் நிறுவப்படுவதில்லை. ஆயின் கோலத்துக்கும் கணனிக்கும் உண்மையான தொடர்பொன்று உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974 இல் கோலங்களை ஆக்கும் இலக்கணங்களைக் கணனியியல் நோக்கில் விளக்கி ஆய்வு வெளியிட்டனர். கெயர் கட்டக் குறிப்பேடு வாங்குவதற்கு எட்டாண்டுகள் முன்னரே, புள்ளிவரிசையில் உருவம் ஆக்கும் அறிவு முற்றத்திலிருந்து ஆய்வேட்டுக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. படவுருவிற் புள்ளியே கோடாகின்றது. சிக்குக்கோலத்திற் புள்ளியைத் தொடாது கோடு அதனைச் சுற்றிச் செல்கின்றது. ஒன்றிற் புள்ளி பொருள், மற்றதிற் புள்ளி வழிகாட்டி.

இன்று இக்கலையைக் கற்கும் மாணவர் வெற்றுக் கட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. பொத்தான், பட்டியல், தேடற்பெட்டி, படவுரு என அனைத்தும் ஆயத்த உறுப்புக்களாகவே கைக்கு வருகின்றன. அவற்றை எடுத்து அடுக்குவதே வடிவமைப்பு எனப் பல பாடநெறிகள் கற்பிக்கின்றன. வேகம் மிகுகின்றது என்பதை மறுக்க முடியாது. ஆயின் நெகிழ்தட்டைக் கையாற் தொட்டிராத தலைமுறை, சேமித்தலுக்கு அதன் படத்தையே தொடர்ந்து வைப்பது ஏனென்று கேட்காமலே வைக்கின்றது. இறந்த உருவகங்கள் மொழியில் இயல்பு. அவை இறந்தவை என்று அறியாமற் கையாள்வது எழுத்தாளருக்குக் குறை.

தமிழ் மாணவருக்கு இதிலே மேலதிகமான இழப்பு ஒன்றுண்டு. ஆயத்த உறுப்புக்கள் உரோம எழுத்தின் உயரத்துக்கும் ஆங்கிலச் சொல்லின் நீளத்துக்கும் அளவெடுத்துத் தைத்தவை. ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அமைந்த பொத்தானில் ‘இரத்துச் செய்க’ என்பது அடங்காது. அடங்கச் செய்வதற்காக எழுத்தைச் சிறுப்பித்தால் வாசிக்க முடியாது. வரியுயரம் போதாமையால் மேல்விலங்கின் வளைவும் கீழ்விலங்கின் வாலும் வெட்டுண்டு நிற்பதை மும்மொழித் திரைகளிற் பலரும் கண்டிருப்பர். மும்மொழியில் தமிழ் இடம்பெற்றது என்று கணக்கிற் சேர்வதற்கு அது போதும்; படிக்க வந்த குடிமகனுக்குப் போதாது. தவறு மொழிபெயர்ப்பாளருடையதாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. அது பெட்டியை அளந்தவருடையது.

கெயர் இப்பொறிக்குப் படவுருக்களை மட்டுமன்றி எழுத்துருக்களையும் வரைந்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பட்டியல்களிலே தோன்றிய ‘சிக்காகோ’ அவற்றுள் ஒன்று. 12 புள்ளியளவில் அமைந்த அதன் தடித்த நேர்கோடுகள் கறுப்பு வெள்ளைத் திரைக்கென்றே பிறந்தவை. அதே பன்னிரண்டு வரிசைகளுக்குள் தமிழெழுத்தை அமைக்கப் புகும் ஒருவர் வேறொரு சிக்கலை எதிர்கொள்வார். இரண்டு சுழி ‘ன’ வுக்கும் மூன்று சுழி ‘ண’ வுக்கும் இடையே உள்ளது ஒரு சுழியே. சுழிக்குள் ஒரு வெண்புள்ளியேனும் இல்லையெனிற் சுழி அடைபட்டுக் கறையாகிவிடும். வெண்புள்ளிக்கு இடம் தந்தால் எழுத்து அகன்று அயலெழுத்தை நெருக்கும். மேலே மெய்ப்புள்ளி வேறு வேண்டும். இச்சிக்கலுக்கு எந்த ஆயத்த உறுப்பும் விடை தருவதில்லை. கட்டத்தாளையும் பென்சிலையும் அழிப்பானையும் எடுத்து ஒவ்வொரு புள்ளியாக இட்டும் நீக்கியுமே அதனைத் தீர்க்க வேண்டியுள்ளது. 2015 இல் நியூ யோர்க் நவீன கலை நூதனசாலை காட்சிக்கு வைத்த கெயரின் குறிப்பேட்டுத் தாள்களும் அவ்வகையானவையே. சதுரங்கள் கையால் நிரப்பப்பட்ட அத்தாள்களிலே, பொறியிற் சேர்ந்த உருவங்களோடு சேராமற் போனவையும் அருகருகே கிடக்கின்றன.