சிப்பாய்கள் விட்டுப்போன மேளம்

வடசென்னை இசையைப் பற்றி யார் எழுதினாலும் இப்போது ஒரு வாக்கியம் தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: கானாவும் ராக்கும் முதன்முதலில் சந்தித்தது 2018 ஜனவரியில். அதற்கு முன் ராக் என்பது ஐ.ஐ.டி.யின் ‘மார்டி கிரா’விலும், பிறகு பெயர் மாறிய ‘சாரங்’கிலும் ஆடித் தீர்த்த பிள்ளைகளின் சொத்து, பேசின் பாலத்துக்கு வடக்கே அதற்கு வேலை இல்லை. ஆய்வேடுகள் இதை அடிக்குறிப்போடு சொல்கின்றன, பத்திரிகைகள் அடிக்குறிப்பு இல்லாமல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தவறு. இருநூறு வருஷத்துக் கணக்கை ஒரே மேடையில் முடித்துவிடும் சோம்பேறித்தனமும் அதில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். பேண்டு செட்டில் ஏழு பேர். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் நூல் குஞ்சம், நெஞ்சில் இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், காலில் ரப்பர் செருப்பு. அந்த உடுப்பு இன்று உலகத்தில் எந்தப் படையிலும் கிடையாது. இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் பட்டாளம் என்று தெரிந்துவிடும். டிரம்பெட்காரர் எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்கினார். சைடு டிரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியில் தெருப் பையன்கள் சட்டி மேளத்தோடு உள்ளே புகுந்தார்கள். யாரும் யாரையும் கண்ணால்கூடக் கேட்கவில்லை. ஏற்கெனவே பலமுறை நடந்துபோன காரியம் அது. ‘முதல் சந்திப்பு’ என்று எழுதியவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தத் தெருப்பக்கம் வந்திருக்கலாம்.

அந்தக் கோட்டு எங்கிருந்து வந்தது?

நம் இசை வரலாற்றில் இதற்கான பதில் ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சுருங்கிக் கிடக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் நாற்பதுக்குச் சற்றே குறைவாகவோ கூடவோ இருக்கும். எல்லாம் சங்கராபரணச் சுரங்களில், பாட்டுப் படிக்கும் குழந்தைகளுக்கு இன்றைக்கும் ஆரம்பப் பாடம். புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம், அப்போது அவர் குடும்பம் இருந்த இடம். 18ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் அப்பா ராமசுவாமி தீட்சிதரோடு அவர்களை ஆதரித்தது மணலி முதலியார் குடும்பம். மணலி, இன்றைக்குச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி நிற்கும் அதே மணலி. தமிழ்நாட்டில் மேற்கத்திய மெட்டு ஒருவர் காதில் விழுந்து, கையில் ஏறி, வேறொன்றாகத் திரும்பி வந்த கதை வடசென்னையில்தான் தொடங்குகிறது.

இன்னும் ஒன்று. ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. அது அணிவகுப்புச் சமாசாரம், போகட்டும். ‘வந்தே மீனாக்ஷி’ அப்படியல்ல. அது அயர்லாந்தின் மாலோ என்ற ஊரில் குடித்துக் கூத்தடித்துத் திரிந்த ஊதாரிகளைப் பற்றிய பாட்டின் மெட்டு. பட்டாளத்தில் இரண்டு வகை இசை உண்டு. ஒன்று கவர்னர் வரும்போது சம்பளத்துக்கு வாசிப்பது. மற்றது வேலை முடிந்தபின் கடல் தாண்டி வந்துவிட்ட பொடியன்கள் ஊர் ஞாபகத்தில், வெக்கையில், சாராயத்தில் தங்களுக்காகவே வாசித்துக்கொள்வது. தீட்சிதருக்குப் பிடித்துப்போன மெட்டுகளில் இந்த இரண்டாம் வகையின் வாசனை அடிக்கிறது. மீனாட்சி அம்மன் முன்னால் நாம் பயபக்தியோடு பாடிக்கொண்டிருப்பது, வேறொரு ஊர்ச் சிப்பாய் தன் தனிமைக்கு வாசித்துக்கொண்டதை.

அதே வருஷங்களில் நடந்த மற்றொன்றை இசை வரலாற்றுக்காரர்கள் தொடுவதே இல்லை. 1791இல் கம்பெனி, ஆங்கிலோ இந்தியர்களைத் தன் உத்தியோகங்களிலிருந்து விலக்கியது. 1795இல் ராணுவத்துக்கென்று இன்னொரு ஆணை: தாய், தகப்பன் இருவருமே ஐரோப்பியராக இல்லாதவன் படையில் சேரக்கூடாது. விதிவிலக்கு நான்கே வேலை: குழல் ஊதுவது, மேளம் அடிப்பது, பேண்டு வாசிப்பது, குதிரைக்கு லாடம் கட்டுவது. துப்பாக்கி தர மாட்டோம், வேண்டுமானால் மேளம் வைத்துக்கொள். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நமக்குத் தெரியாத தர்க்கமா இது? மேளத்தைத் தாழ்ந்தவன் கையில் கொடுத்து, பிறகு மேளம் பிடித்ததற்காகவே அவனைத் தாழ்ந்தவன் என்று சொல்லும் ஊர்தானே இது. பறையும் சைடு டிரம்மும் ஒரே தெருவில் ஒன்றாக வாழத் தொடங்கியதற்கு ‘ஃப்யூஷன்’ என்ற சொல் போதாது.

இடையில் நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஓடிவிடலாம். தஞ்சையில் சரபோஜி மன்னர் ஐரோப்பிய பேண்டு வைத்துக்கொண்டார். கிளாரினெட் சதிர்க் கச்சேரிக்கு வந்து ‘சின்ன மேள’த்தோடு ஊர் ஊராகப் போனது, ஏ.கே.சி. நடராஜன் கையில் அது நாகஸ்வரத்துக்கே சவால் விட்டது. மதுரை மணி ஐயர் கச்சேரி கடைசியில் ‘இங்கிலீஷ் நோட்’ பாடாவிட்டால் சபை எழுந்திருக்காது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் பேண்டு மேடை இருந்தது. ‘இரட்சணிய சேனை’ என்று பெயரிலேயே பட்டாளத்தை வைத்துக்கொண்ட சபை பித்தளை வாத்தியத்தைச் சுவிசேஷத்தோடு தெருவில் இறக்கியது. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ இந்தியர்களின் டான்ஸ் பேண்டுகள் புது வருஷத்தைக் கொண்டுவந்தன. 1970, 71இல் ஒரு சிகரெட் கம்பெனியின் ‘சிம்லா பீட்’ போட்டியிலிருந்து இசைத்தட்டுகள் வந்தன. சேகரிப்பாளர்கள் அவற்றுக்கு இன்று தூபம் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவற்றில் பாதி நல்ல நகல், மீதி சுமாரான நகல்.

பார்க்க வேண்டிய இடம் வேறு. ராக் என்ற வடிவமே பாசறைக்குக் கடன்பட்டது. 1918இல் பிரான்சில் இறங்கிய நியூயார்க் கறுப்பினப் படைப்பிரிவின் பேண்டை ஜேம்ஸ் ரீஸ் யூரோப் நடத்தினார். ஐரோப்பாவின் காதில் ஜாஸ் விழுந்ததில் அந்தச் சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு. 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் லாண்ட்ஸ்பெர்க் முகாமில் ரஷ்யர்களின் மோர்ஸ் தந்தியை ஒட்டுக்கேட்கும் வேலை பார்த்த ஒரு விமானப்படைப் பையன், மலிவு கிடார் ஒன்றை வாங்கி, கூட இருந்தவர்களைச் சேர்த்து ‘லாண்ட்ஸ்பெர்க் பார்பேரியன்ஸ்’ என்று ஒரு குழு வைத்தான். ஜானி கேஷ் அங்கேதான் உருவானார். எல்விஸும் ஜெர்மனியில் சேவை செய்தார் என்று சொல்வார்கள். ஆனால் அவர் போகும்போதே நட்சத்திரம், நம் கணக்கில் வரமாட்டார்.

நம் கணக்கில் வருபவர்கள் ‘தி மங்க்ஸ்’. கெல்ன்ஹவுசன் முகாமில் இருந்த ஐந்து அமெரிக்கச் சிப்பாய்கள். 1964 வாக்கில் ‘டார்கேஸ்’ என்ற பெயரில் ஊர் பார்களில் எல்லோரையும் போல அடுத்தவன் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்திலிருந்து விடுபட்ட பிறகும் ஊர் திரும்பவில்லை. உச்சந்தலையை மழித்தார்கள், துறவி போலக் கறுப்பு உடுத்தார்கள், கழுத்தில் டைக்குப் பதில் கயிறு கட்டிக்கொண்டார்கள். பிறகு முக்கியமான வேலையைச் செய்தார்கள்: பாட்டிலிருந்து இனிமையைக் கழித்துவிட்டார்கள். டேவ் டே கிடாரைக் கீழே வைத்துவிட்டு மின்சார பேஞ்சோ எடுத்தார், சுரம் வாசிக்க அல்ல, தகரத்தில் அடிப்பதுபோல அடிக்க. ரோஜர் ஜான்ஸ்டன் ஜால்ராத் தட்டுகளை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, தோல் வைத்த டிரம்களை மட்டும் இடித்தார். கேரி பர்கர் பாடவில்லை, கத்தினார். 1966இல் போலிடார் வெளியிட்ட ‘பிளாக் மங்க் டைம்’ முழுவதும் அணிவகுப்புத்தான், ஆனால் வரிசை குலைந்த அணிவகுப்பு. முதல் பாட்டிலேயே வியட்நாம் போரைத் திட்டுகிறார்கள். தட்டு விற்கவில்லை. 1967இல் அவர்களை வியட்நாமுக்கே கச்சேரிக்கு அனுப்ப ஏற்பாடு நடந்தபோது, கிளம்புவதற்கு முன்பே குழு கலைந்தது. காக்கியைக் கழற்றி எறிந்தவனைத் திரும்பவும் அந்தக் காட்டுக்கே கூப்பிட்டால் வருவானா?

அந்தத் தட்டை நான் முதலில் கேட்டது ஒரு நண்பர் வீட்டில், மதியத்தில். இரண்டாம் பாட்டில் அவருடைய அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருடா செத்தது?” என்றார். அந்தத் தட்டைப் பற்றி அதைவிடக் கூர்மையான விமரிசனத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அவர் காது சரியாகத்தான் பிடித்தது. ஜால்ராத் தட்டு இல்லாமல் தோலை மட்டும் நம்பும் அடி, ஒரே சுரத்தில் நின்று இடிக்கும் கம்பி வாத்தியம், நடந்துகொண்டே வாசிக்கிற வேகம். கெல்ன்ஹவுசன் பாசறைப் பையன்கள் ஐரோப்பிய அணிவகுப்பிலிருந்து பாட்டைக் கழித்து எங்கே வந்து சேர்ந்தார்களோ, வியாசர்பாடி பேண்டு செட்டு பாட்டை விடாமலே அங்கே வந்து சேர்ந்திருந்தது.

சரி, தமிழில் ஏன் இந்தப் பட்டாளத்து இசையைப் பற்றி எழுத்தே இல்லை? வெளிநாட்டில் பட்டாளம் என்றாலே நமக்குத் தொண்டை அடைக்கிறது. முதல் உலகப் போர் இந்தக் கரைக்கு வந்தது ஒரே இரவு, 1914 செப்டம்பர் 22இல், துறைமுக எண்ணெய்த் தொட்டிகளை எரித்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனாக. மொழிக்கு ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டாம் போரில் மலேயா, பர்மாத் தமிழர்கள் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார்கள். அந்தப் படையின் பாட்டுகளுக்கு இசை அமைத்தவர் ராம் சிங் தாகுரி என்ற கூர்க்கா. பர்மாவிலிருந்து பின்னாளில் திரும்பியவர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோவைப் பற்றிச் சாப்பாட்டுக் கட்டுரைகள் குவிந்துவிட்டன. கொண்டுவந்த மெட்டுகளைப் பற்றி ஒரு பக்கம் கிடையாது. அப்புறம் 1987. இந்திய அமைதிப்படை ஈழத்துக்குப் போனது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழ் எழுத்தாளனும் போகவில்லை, நானும் போயிருக்க மாட்டேன். ஆனால் அந்தப் புறக்கணிப்பில், அரசாங்கத்தையும் அதன் உடுப்புக்குள் இருந்த ஆளையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு விட்டுப்போயிற்று. கோபம் நியாயமானது. காது அடைத்துக்கொண்டதுதான் நஷ்டம்.

உடுப்புக்கும் இந்த வட்டாரத்துக்கும் உள்ள உறவு வெறும் வேஷம் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் பேர்போன சரக்கு காக்கி. பட்டாளத்துக்குப் போன துணியை நெய்தவர்களில் புளியந்தோப்பு, வியாசர்பாடிச் சேரிக்காரர்கள் நிறையப் பேர். 1921 வேலைநிறுத்தத்தில் அவர்கள் பட்டது தனிக் கதை. உடுப்பு நெய்தவன் வீட்டில் உடுப்பு கிடையாது. 1996இல் ஆலை மூடியது. சிவப்புக் கோட்டைத் தைத்து மாட்டிக்கொண்டு டிரம்பெட் ஊதுகிறவனைப் பார்த்து ‘காலனிய எச்சம்’ என்று எழுதுகிற பேராசிரியர்கள், யார் எச்சத்தை யார் உடுத்துகிறார்கள் என்று ஒருமுறை யோசிக்கலாம். டெல்லியில் 2022 பாசறை திரும்பும் நிகழ்ச்சியிலிருந்து ‘அபைட் வித் மீ’யை வெள்ளைக்காரன் பாட்டு என்று எடுத்தார்கள். வெள்ளைக்காரன் டிரம்பெட்டை யாரும் எடுக்கவில்லை.

இனி 2018. கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறிய இரவைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த அந்தக் கூட்டம் செய்த பெரிய காரியம், கானாவைச் சாவு வீட்டிலிருந்தும் சினிமாவின் கோமாளி வேஷத்திலிருந்தும் மீட்டது. ராயபுரத்து இசைவாணி மேடையில் நின்றதே கானாவின் ஆண் வரலாற்றுக்கு ஒரு அடி. என் குறை வேறு. பதிவுகளைக் கேளுங்கள்: கிடாரும் டிரம் செட்டும் அடித்தளம், சட்டியும் பறையும் மேலே தூவிய கறிவேப்பிலை. ராக் என்றால் கல்லூரி மேடையில் நிற்கும் அந்த நால்வர் குழுதான் என்று யாரோ அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். தலைகீழாகப் போட்டிருக்க வேண்டும். சைடு டிரம், பேஸ் டிரம், சட்டி, இரண்டு டிரம்பெட், ஒரு யூஃபோனியம். கிடார் வேண்டுமானால் ஓரமாக, பேஞ்சோ மாதிரி, அடிக்க மட்டும். நின்றுகொண்டு அல்ல, நடந்துகொண்டு. அப்படி ஒரு தட்டு தமிழில் வந்தால் அதற்கு முன்னோடி தேடி யாரும் சீமைக்குப் போக வேண்டியதில்லை.

அன்றைக்கு எம்.கே.பி. நகரில் ஊர்வலம் சுடுகாட்டு வாசலில் நின்றது. பேண்டு செட்டு உள்ளே வருவதில்லை. ஏழு பேரும் எதிரே டீக்கடைப் பக்கம் ஒதுங்கினார்கள். யூஃபோனியக்காரர் வாத்தியத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து எச்சில் தண்ணீரை ரோட்டில் வடித்தார். சைடு டிரம்காரருக்கு இருபது வயது இருக்கும். கோட்டைக் கழற்றி, குஞ்சம் கசங்காமல் உள்பக்கம் வெளியே வருமாறு மடித்து டிரம்மின் மேல் வைத்தார். உள்ளே லைனிங் காக்கித் துணி. அந்தக் கோட்டின்மேலேயே இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தார், டீ வரும்வரை.